மிஸ்ஸி சொல்லாமல் விட்டது

பாஞ்சாலையின் முழங்காலுக்கு மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுவிட்டவள் டோரீன்தான். 1981-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், சரிவில் கொழுந்து வெட்டும்போது வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அந்தப் பெண் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். தேயிலைச் சரிவில் வழுக்கி விழாதவர்கள் யாரும் இல்லை. டோரீன் காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், சுளுக்கு என்று சொல்லி அனுப்பினாள்.

அதை ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் நாலு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும்தான் அங்கே இருந்தன. கம்போங் ராஜா என்கிற ஊருக்குப் போகிற சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறுகிற மண்பாதையின் முடிவில், தொழிற்சாலைக்குப் பின்புறம் இருந்தது. டோரீன், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய அகஸ்டின் கிராணியின் மகள். தானா ராத்தாவில் கன்னியர் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை இங்கிலீஷில் படித்தவள். தாதிப் பயிற்சிக்குப் போக எல்லாம் ஏற்பாடாகியிருந்தபோது அகஸ்டின் திடீரென்று இறந்துபோனார். தாயை விட்டுவிட்டுப் போக முடியாமல், 1972-இல் இங்கேயே உதவியாளாகச் சேர்ந்துகொண்டாள். மருந்து கொடுக்கவும் கட்டுப் போடவும் கற்றுக்கொடுத்த பெரிய டிரெஸ்ஸர் ஓய்வு பெற்றுப் போனபின் அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையடியில் இருந்த தாப்பா டவுனிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிரசவ வலிக்கும் அவள்தான். தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் 'மிஸ்ஸி'. மிஸ்ஸி சொன்னால் சரியாக இருக்கும் என்று லயத்து வரிசைவீடுகளில் இருந்த ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பின்னால் அவளுக்கு மிகவும் உறுத்தியது.

பாஞ்சாலைக்கு அப்போது பதினாறு வயது. மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவள். தகப்பன் இல்லை. தாய் வேலாயி அதே தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். வீக்கம் குறையவில்லை. முழங்காலுக்கு மேலே கெட்டியாக, தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தது. படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்று பெண் சொன்னாள். சுளுக்கென்றால் கிடந்தால் ஆறவேண்டும், இது ஏன் கிடந்தாலும் வலிக்கிறது என்று டோரீனுக்கு ஒரு தரம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்தமுறை டாக்டர் வந்த நாளில் கக்குவான் இருமலோடு குழந்தைகள் வாசல்வரை நின்றிருந்தன. அடுத்த முறை காட்டிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த முறை டாக்டரின் கார் தாப்பா சாலையில் மண்சரிவில் மாட்டிக்கொண்டது. கடைசியில் அவர் பாஞ்சாலையின் காலைத் தொட்டுப் பார்த்த அன்று, எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு, ஆபீசுக்குப் போய்க் கோலாலம்பூருக்குப் போன் போட்டார்.

வேலாயி தாப்பாவைத் தாண்டி எங்கும் போனதில்லை. "நீங்க கூட வந்தாத்தான் நான் போவேன் மிஸ்ஸி" என்றாள். மானேஜர் துரை டோரீனுக்கு லீவு கொடுத்தார்.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பில் ஊசி குத்திச் சோதித்து, ஒரு வாரம் கழித்து அங்கிருந்த டாக்டர் வேலாயியையும் டோரீனையும் கூப்பிட்டார். பாஞ்சாலை மாடியில் வார்டில் இருந்தாள். டாக்டர் சீனர், நாற்பது வயதிருக்கும், எதற்கும் அவசரப்படாதவர். இங்கிலீஷில் கொஞ்சம் சொல்லி, டோரீன் அதைத் தமிழில் வேலாயியிடம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு மேலே சொன்னார். இது எலும்பில் வருகிற புற்றுநோய். அபூர்வமானது. வளர்கிற வயதுப் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. விழுந்ததால் வந்ததல்ல. தொடையோடு காலை எடுத்தாக வேண்டும்.

வேலாயி அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வீக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார்.

டோரீன் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவில்லை. அவளே இங்கிலீஷில் பதில் சொன்னாள். மூன்று மாதம். டாக்டர் தலையை மட்டும் அசைத்தார். முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இனிச் சொல்வதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்" என்று டாக்டர் ஆரம்பித்தார். காலை எடுத்தாலும் நோய் ரத்தத்தோடு போய் நுரையீரலில் தங்கியிருக்கலாம். அதற்காக மாதாமாதம் ஊசி மருந்து ஏற்றுவார்கள். இப்போது ஏற்றுவது சிவப்பு நிற மருந்து. அதோடு இன்னொரு புது மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் இருக்குமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கும் என்று நம்புகிறார்கள், யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சோதனையில் சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய மருந்து மட்டும், பாதிப் பேருக்கு இரண்டும். யாருக்கு எது என்பதை டாக்டரே தீர்மானிக்க முடியாது, சீட்டுக் குலுக்கி எடுப்பது போலத்தான். புது மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். காது கேட்பதைக் கெடுக்கலாம், கெட்டால் திரும்பாது. வேண்டாம் என்று சொன்னாலும் பழைய வைத்தியம் நடக்கும், அதில் எந்தக் குறையும் வைக்க மாட்டோம்.

டோரீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் வேலாயியின் முகத்தைப் பார்த்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்றதும், வேலாயிதான் முன்னே நின்று அவனை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தவள். நிச்சயமில்லை, சீட்டு, காது போகும் என்றெல்லாம் கேட்டால் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஏற்கெனவே மூன்று மாதம் போயிற்று. அந்த மூன்று மாதத்தைப் போக்கியவள் தான்தானே என்று டோரீன் நினைத்தாள்.

"அக்கா, காலு எடுத்தப்புறம் ஊசி மருந்து ஏத்தணுமாம். அதோட சேத்துக் குடுக்கப் புதுசா ஒரு மருந்து வந்திருக்காம். டாக்டர் அதையும் குடுக்கப் பாக்குறாரு. நீங்க சம்மதம் சொல்லணும்."

"நல்ல மருந்தா மிஸ்ஸி?"

"நல்ல மருந்துதான்."

"நீங்க சொன்னா சரிதான்லா. எனக்கு என்ன தெரியும்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் அத்தனை நேரம் சொன்னது தமிழில் இவ்வளவு சுருக்கமாகவா முடிந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். காதைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றாள் டோரீன். அவருக்கு ஒரு பொய், வேலாயிக்கு ஒரு பொய். வேலாயி கட்டைவிரலை மையில் ஒற்றிச் சம்மதத் தாளில் வைத்தாள். ரேகை சரியான இடத்தில் விழும்படி டோரீன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

புது மருந்து கிடைக்கிற பாதியில்தான் பாஞ்சாலை வந்தாள் என்று மாலையில் வார்டுத் தாதி சொன்னபோது, டோரீனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை தே குடித்தாள். கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கால் போயிற்று. புண் ஆறியதும் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். புது மருந்து ஏற்றுகிற நாளில் சிறுநீரகத்தைக் காப்பாற்ற உப்புத் தண்ணீர் புட்டி புட்டியாக இறங்கும். பாஞ்சாலை வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் வாந்தி எடுப்பாள். இடுப்புவரை தொங்கிய முடி தலையணையில் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேலாயி கட்டிலுக்கடியில் பாயை விரித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள். டோரீன் மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

மூன்றாவது தடவை போனபோது வேலாயி துணி அலசப் போயிருந்தாள். பாஞ்சாலை தலையைச் சாய்த்துக் காதைக் கையால் மூடிமூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸி, காதுக்குள்ள பூச்சி கத்துற மாரியே இருக்கு. ராத்திரி பகல்னு இல்ல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல. இதெல்லாம் போயி சொல்லுறதான்னு விட்டுட்டேன்."

டோரீனுக்கு அது என்னவென்று தெரியும். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்றும் தெரியும். "ஊசியோட வேகம் அது. போயிடும்" என்றாள். டாக்டரிடம் அவளும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர்களே காதைச் சோதித்துக் குறை இருப்பதைக் கண்டுபிடித்து மருந்தின் அளவைக் குறைத்தார்கள். இடையில் ஒரு முழு அளவு ஏறிவிட்டிருந்தது.

பாஞ்சாலை 1982-இன் கடைசியில் தோட்டத்துக்குத் திரும்பினாள். மரக்கால் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு லயத்துப் படியில் ஏறி இறங்கப் பழகிக்கொண்டாள். ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பொழைச்சு வந்தாளே அது போதும் என்றார்கள். வேலாயி யார் வந்தாலும் டோரீனைப் பற்றித்தான் பேசினாள். "மிஸ்ஸி மட்டும் இல்லன்னா நான் கூட்டிக்கிட்டு ஓடியாந்திருப்பேன்." அது முழு உண்மை என்பதுதான் டோரீனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

தானா ராத்தா மாதா கோயிலில் அவள் ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றாள். பொய் சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பொய்யால் ஒரு பெண் உயிரோடிருக்கிறாள் என்றால், அதற்காக மனம் வருந்துகிறேன் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை அதே இடத்தில் நிறுத்தினால் வேறு மாதிரி செய்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபப்பட்டேன், ஞாயிறு பூசையைத் தவறவிட்டேன் என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சரிவில் நிற்க முடியாததால் பாஞ்சாலையை ஆயாக் கொட்டகையில் போட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. உட்கார்ந்து செய்கிற வேலை. பிள்ளைகளுக்கும் அவளைப் பிடித்திருந்தது. சில மாதம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் மாரியம்மா என்கிறவள் பால் கொடுக்க வந்தபோது, அவளுடைய கைக்குழந்தை தொட்டிலுக்குள் துணி சுற்றிக்கொண்டு, வீறிட்டு அழுது முகம் கறுத்துக் கிடந்தது. பாஞ்சாலை முதுகைக் காட்டிக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாரியம்மா போட்ட சத்தத்தில்தான் திரும்பினாள்.

"அழுதானா? எனக்குக் கேக்கலியே" என்றாள்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவசரத்துக்கு டோரீனிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். ஆம்பிளைகளின் குரல், லோரியின் இரைச்சல், இடி எல்லாம் பாஞ்சாலைக்குக் கேட்கும். குழந்தை அழுகை, பறவைச் சத்தம், கொதிக்கிற கெட்டிலின் விசில் கேட்காது. பெண்கள் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி ஊகித்துக்கொள்வாள். இத்தனையும் அவள் யாரிடமும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தோட்டத்துக்குத் தெரிந்தது. கொட்டகை வேலை போயிற்று.

"நோவு காதுக்கும் வந்துருச்சு போல மிஸ்ஸி" என்று வேலாயி வந்து கேட்டாள். "அது பரவுமா?"

"பரவாதுக்கா" என்றாள் டோரீன்.

1983-இல் ஒருமுறை பரிசோதனைக்கு வேலாயியால் வர முடியவில்லை, காய்ச்சல். டோரீனும் பாஞ்சாலையும் மட்டும் போனார்கள். நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பிறகு டோரீனிடம் ஓர் உதவி கேட்டார். பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன், மகனைக் கூட்டி வந்திருக்கிறார். அதே நோய். அன்றைக்கு வார்டில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. வேலாயிக்குச் சொன்னது போல அவருக்கும் சொல்ல முடியுமா?

அந்த மனிதர் பெயர் ரெங்கசாமி. லோரி டிரைவர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலை வெளியே போக எழுந்தாள். இந்தப் பெண் இருக்கட்டும், பிழைத்து நிற்பவளை அவர் பார்க்கட்டும் என்றார் டாக்டர். அவள் டோரீனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் அதே சொற்களைச் சொன்னார். நிச்சயம் இல்லை. சீட்டுப் போல. சிறுநீரகம். காது. டோரீன் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னாள். பாஞ்சாலை தன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. 'காது போனா திரும்பாதுங்க' என்று அவள் சொன்னபோது பாஞ்சாலையின் கை தன் காதுக்குப் போயிற்று.

"குடுத்தா பொழைப்பானா?" என்றார் ரெங்கசாமி.

"அதச் சொல்ல முடியாதுன்னு சொல்லுறாரு."

"காலும் போயி, காதும் போயி, பொழைக்கிறதும் நிச்சயமில்லன்னா, எதுக்கும்மா பையன இந்தப் பாடு படுத்தணும்?"

புது மருந்து வேண்டாமென்றால் பழைய வைத்தியம் மட்டும் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். டோரீன் அதையும் சொன்னாள், இரண்டு தரம் சொன்னாள். பாஞ்சாலை மரக்காலைத் தட்டிக் காட்டி, "அண்ணே, நான் இருக்கேன்ல" என்றாள். ஆனால் அவர் எழுந்துவிட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் தாப்பாவில் கொஞ்ச நேரம் நின்றது. பாஞ்சாலை டோரீனின் பக்கம் முழுசாகத் திரும்பினாள், பதில் சொல்லும்போது உதட்டைப் பார்க்க வேண்டும் என்று.

"அன்னைக்கி எங்கம்மாகிட்ட இதெல்லாம் சொன்னீங்களா மிஸ்ஸி?"

"இல்ல."

"எங்கிட்டயும் சொல்லல."

"சொன்னா அம்மா ஒன்னக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பயந்தேன். மொதல்லயே என்னால மூணு மாசம் வீணாப் போச்சு. அதான்..."

"கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் பாஞ்சாலை. குரல் உயரவில்லை. "காது போனாப் போவுதுன்னு நானே சொல்லியிருப்பேன். ஆனா எங்கிட்ட கேட்டிருக்கணும்ல. என் காதுதானே."

மலைச்சாலையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. டோரீன் கையை நீட்டி அவள் கையைத் தொடப் பார்த்தாள். பாஞ்சாலை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. எதிரில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மறு பரிசோதனைக்குத் தாயும் மகளும் மட்டும் போய்வந்தார்கள். பாஞ்சாலையே டாக்டரிடம் மலாயில் பேசிக்கொண்டாள்.

1984-இல் ஒரு சாயங்காலம் அவளே வந்தாள். மருந்து அலமாரிக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, அந்தப் பீடோர்ப் பையன் செத்துப்போனான் என்றாள். வார்டில் சொன்னார்களாம். வீட்டிலேயே வைத்து எங்கெங்கோ காட்டியிருக்கிறார்கள். கடைசியில் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

டோரீன் கையிலிருந்த பஞ்சை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒனக்குச் சொல்லாம விட்டேன். அவனுக்குச் சொல்லிக் கொன்னுட்டேன்" என்றாள்.

பாஞ்சாலைக்குக் கேட்டதோ, உதட்டில் படித்தாளோ, "இல்ல மிஸ்ஸி" என்றாள். "அது அவங்கப்பா எடுத்த முடிவு. எனக்கு எடுத்தது நீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

ஆறுதலாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று டோரீன் பல வருஷம் யோசித்தாள். இரண்டுமாக இருக்கலாம். ஆனால் அந்த நாளிலிருந்து பாஞ்சாலை மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.

டோரீன் வேலாயியிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். அதைப் பாஞ்சாலையிடம் சொன்னபோது அவள் உடனே மறுத்தாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா ஒங்களுக்கு மனசு லேசாயிடும். அம்மாதான் அழுதுக்கிட்டே இருக்கும், நாந்தானே கைநாட்டு வச்சேன்னு. நீங்களே வச்சுக்குங்க."

ஆகவே டோரீன் வைத்துக்கொண்டாள். வேலாயி லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களிலிருந்து யாராவது பூக்கோசு கொண்டு வந்தால் முதல் பூவை மிஸ்ஸிக்குக் கொடுத்தனுப்புவாள். தீபாவளிக்கு முறுக்கு. கிறிஸ்துமஸுக்கு, அது என்ன பண்டிகை என்று சரியாகத் தெரியாமலேயே, ஒரு சேலை. டோரீன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டுமே.

நோய் வந்து ஐந்து வருஷம் முடிந்த பரிசோதனைக்கு டோரீன் மறுபடியும் கூடப் போனாள். பாஞ்சாலை வெளியே இருந்தபோது டாக்டரிடம் கேட்டாள், இவளைக் காப்பாற்றியது அந்தப் புது மருந்துதானா என்று. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்றார். மொத்தமாகப் பார்க்கும்போது பலன் இருப்பதாகத்தான் தெரிகிறது. ஆனால் பழைய மருந்தோடு மட்டும் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், புது மருந்து ஏற்றியும் போனவர்கள் இருக்கிறார்கள். பாஞ்சாலை எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. டோரீன் தலையாட்டினாள். அவள் அன்றைக்கு நம்பி வந்தது அந்த ஒரு பதிலைத்தான். உயிருக்கு விலையாகக் காது போயிற்று என்று தெரிந்தால் கணக்குத் தீர்ந்தது என்று படுத்துத் தூங்கலாம். சும்மாவே போயிற்று என்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம். இரண்டும் இல்லாமல் போயிற்று.

பாஞ்சாலை கோலா தெர்லாவில் தக்காளி தரம்பிரிக்கிற கொட்டகையில் வேலைக்குப் போனாள். உட்கார்ந்து செய்கிற வேலை, யார் அழுகையையும் கேட்க வேண்டியதில்லை. அங்கே காய்கறி லோரி ஓட்டுகிற தங்கராஜு அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தான். கட்டைக் குரல்காரன். அவன் பேசுவது அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அதனால்தான் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சிரித்துக்கொண்டே டோரீனிடம் சொன்னாள். பிள்ளை பிறக்குமா என்று டோரீனிடம்தான் கேட்டாள். டோரீன் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். டாக்டரிடம் அவளையே நேராகக் கேட்கச் சொன்னாள்.

1988-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். டோரீன் பின்வரிசையில், வாசலுக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க என்ன ஒக்காந்திருக்கீங்க? வாங்க. நீங்கதான் மொதல்ல அரிசி போடணும்."

"அக்கா, வேணாம். சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்க. நான் வேற சாமி கும்புடுறவ."

"எந்தச் சாமியா இருந்தா என்ன. எம்பிள்ள இன்னைக்கி ஒக்காந்திருக்குதுன்னா ஒங்களாலதான்லா." பிறகு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இவங்கதான் மிஸ்ஸி. டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரியும்படியா எடுத்துச் சொல்லி, எம்பிள்ளையப் பொழைக்க வச்சவங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய் டோரீனைப் பார்த்துக் கைகூப்பினாள். டோரீனும் கைகூப்பினாள். மணவறையில் பாஞ்சாலை தாயின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொன்னாள் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. டோரீனை ஒரு தரம் நேராகப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். டோரீன் தட்டிலிருந்து மஞ்சள் அரிசியை அள்ளி அவள் தலையில் போட்டாள்.